திண்டிவனத்தில் ஒரு கார் உன்னைத் தேடியது

இல்லை, மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று போனில் சொன்னது பொய். நீ இரண்டு கேள்வி கேட்டாய். வண்டியில் பாட்டும் வழியும் காட்டும் செட்டைப் பழுதுபார்க்க வெளிக்கடைக்குக் கொடுக்கும் முன் ஏன் என்னைக் கேட்கவில்லை. கொடுத்ததுதான் கொடுத்தாய், உள்ளே இருப்பதையெல்லாம் ஏன் அழிக்கவில்லை. கார்களுக்குள் இருக்கும் இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நீ. உன் அம்மாவே இப்படிச் செய்தால் கோபம் வரத்தான் செய்யும். இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே பதிலாக மறந்துவிட்டேன் என்றேன். நீ "சரிம்மா" என்றாய். நம் பேச்சு எப்போதும் அதில்தான் முடிகிறது. ஒரு சரிம்மா, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு சரிம்மா, பிறகு ஒன்றுமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் நீ குறுக்கே சரிம்மா சொல்ல முடியாது.

அடுத்த வியாழக்கிழமை நீ ஜெர்மனிக்குப் போகிறாய். புனேயிலிருந்து மும்பை, மும்பையிலிருந்து நேராக. வீட்டுக்கு வந்து போக நாள் இல்லை என்றாய். மூன்று வருஷம். எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னேன். "பாண்டியில பொறந்துட்டு பிரான்சுக்குப் போவாம ஜெர்மனிக்குப் போற ஒரே புள்ள உன் புள்ளதான்டி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு உள்ளே வந்து, ஏற்கெனவே கழுவிய மீன் ஐஸ் பெட்டியை இன்னொரு தடவை கழுவினேன்.

பொங்கலுக்கு வந்தபோது உன் போனை வண்டியோடு இணைத்தாய், பாட்டுக் கேட்க. மூன்று நாள் ஓட்டினாய். நாலாம் நாள் பஸ் ஏறிவிட்டாய். வண்டிக்கு அது தெரியாது. மறுநாள் காலை ஓட்டல்களுக்கு மீன் ஏலம் எடுக்கத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குக் கிளம்பச் சாவியைத் திருப்பினேன். திரையில் ஆங்கில எழுத்தில் உன் பெயர் வந்தது. பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. இளங்கோ போன், தேடுகிறது. ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு, கிடைக்கவில்லை என்று வந்து அணைந்தது.

அன்று சிரிப்பு வந்தது. ஒரு வாரம் கழித்துச் சிரிப்பு வரவில்லை. ஒரு மாதத்தில், வட்டம் சுற்றி முடியும்வரை வண்டியை எடுக்காமல் உட்காரத் தொடங்கியிருந்தேன். இந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பான் என்பேன். புனேயில் மழை என்று செய்தியில் பார்த்திருந்தால், குடை எடுத்துப் போகிறானோ என்னவோ என்பேன். சத்தமாகத்தான். வீட்டுக்குள் அப்படித் தனியாகப் பேசினால் எனக்கே பயமாக இருக்கும். வண்டிக்குள் பயமில்லை. கதவு மூடியிருக்கிறது. முன்னால் ஏதோ ஒன்று உன் பெயரைக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ அழைப்பாய். மற்ற நாட்களில் நானாக அழைத்ததில்லை. வேலையில் இருப்பாய், தொந்தரவு எதற்கு. அதோடு, தினமும் காலையில் உன்னை ஒரு தடவை தேடியாகிவிட்டது என்ற நினைப்பு. தேடியது செட்டு. நானல்ல.

அதைக் கெடுத்தது நான்தான். மீன் கையோடு தொடாதே என்று எத்தனை முறை சொன்னாய். ஏலத்தில் சங்கராவைப் புரட்டிப் பார்த்த கை, பெட்டியில் ஐஸ் அள்ளிப் போட்ட கை. வண்டியில் ஏறியதும் ஓட்டல்காரர் அழைப்பார், வஞ்சிரம் கிடைத்ததா என்று. அதே விரலால் திரையை அழுத்துவேன். உப்புத் தண்ணீர் ஓரத்தில் இறங்கியிருக்கிறது, தினமும் ஒரு சொட்டு. ஒரு நாள் படம் நடுங்கியது. அடுத்த வாரம் பாதித் திரை கறுப்பு. நெல்லித்தோப்பில் பாஸ்கர் கடைக்கு எடுத்துப் போனேன். செட்டு, ஹார்ன், விளக்கு எல்லாம் மாட்டுகிறவர், உனக்கும் தெரியும்.

"இன்னாக்கா, செட்டுக்கும் மீன் ஊட்டிக்கினு இருந்தீங்களா?" விளக்கைப் பிடித்து ஓரத்தைப் பார்த்தார். ஊசியால் எதையோ நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். செதில். "பாருங்க. உள்ள போர்டுல உப்பு பூத்துருக்கும். இது இங்க ஆவாது. சென்னைக்கு அனுப்பணும்."

"பத்திரமா வருமா பாஸ்கரு?"

"எத்தினி அனுப்பிருக்கேன். பத்து, பன்னண்டு நாள்ல வந்துடும்." பிறகு, அவரைக் குறை சொல்லக் கூடாது, இதையும் சொன்னார். "ஒண்ணு பண்ணுங்கக்கா. பாதித் திரை வேலை செய்யுது இல்ல, உள்ள இருக்கறத எல்லாம் அழிச்சிட்டுக் குடுங்க. போன் நம்பரு, வீட்டுக்குப் போற வழி, எல்லாம் அதுல கெடக்கும். அங்க நாலு பேரு கை மாறும்."

வண்டிக்குப் போய் உட்கார்ந்தேன். நீ ஒருமுறை காட்டிக்கொடுத்த இடத்தைத் தேடிப் பிடித்தேன். எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது. ஆம். இல்லை. 'ஆம்' வேலை செய்கிற பாதியில்தான் இருந்தது. முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டேன், அந்தத் திரைக்காக முதல் முறையாக. அழுத்தவில்லை.

"அழிச்சிட்டீங்களாக்கா?"

"அழிச்சிட்டேன்."

இது உன் இரண்டாவது கேள்விக்குப் பதில்.

முதல் கேள்விக்குப் பதில் பழையது. செட்டு சென்னையில் இருந்த நாட்களில் அது இருந்த இடம் ஓட்டையாக இருந்தது. நாலைந்து ஒயர் வெளியே தொங்கும். சாவியைத் திருப்பினால் இன்ஜின் சத்தம், வேறொன்றும் இல்லை. அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டே வைத்திக்குப்பத்தைத் தாண்டும்போதுதான் ரேடியோ ஞாபகம் வந்தது. உனக்குப் பதினோரு வயது. வேலை பார்த்த மில் மூடியபின் உன் அப்பா ஓட்டிய லோடு வண்டியின் ரேடியோ நின்றுபோயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் வீட்டுக்கு வந்தால் நீ அதைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருக்கிறாய். கீழே செய்தித்தாள் விரித்திருந்தாய். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழற்றிய வரிசையில் வைத்து, பக்கத்தில் பென்சிலால் எண் போட்டிருந்தாய். நான் எண்ணைப் பார்க்கவில்லை. வயிறு திறந்த ரேடியோவை மட்டும் பார்த்தேன். அறைந்தேன். "கடைக்காரன் பாத்துக்குவான், உனக்கு இன்னாடா தெரியும்" என்றேன். செய்தித்தாளை நாலு மூலையும் சேர்த்துச் சுருட்டினேன். வரிசை எல்லாம் கலந்துவிட்டது. அப்படியே கடைக்குக் கொண்டுபோனேன்.

ஒரு வாரத்தில் ரேடியோ பாடிக்கொண்டு வந்தது. நீ அதைத் திருப்பி அடியில் பார்த்தாய். "ம்மா, இது நம்மது இல்ல. நம்மதுல நான் 'இ' போட்டு வச்சிருந்தேன்." நான் சொன்னது எனக்கு எழுத்து எழுத்தாக ஞாபகம் இருக்கிறது. "கடைக்காரு பொய் சொல்றாரா? நீ கெடுத்தத அவரு சரி பண்ணிக் குடுத்துருக்காரு, வாய மூடு." அப்பா ரேடியோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நீ "சரிம்மா" என்றாய். முதல் சரிம்மா அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த ரேடியோ இரண்டு மாதத்தில் நின்றது. உன்னிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நம் வீட்டில் நீ எதையும் திறந்து நான் பார்க்கவில்லை. காலேஜ் விடுதிக்கு உன்னைப் பார்க்க வந்தபோது உன் கூட்டாளிகள் சொன்னார்கள், யாருடைய மின்விசிறி நின்றாலும் நீதான் சரிசெய்வாய் என்று. எனக்குப் பெருமையாக இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது வேறு மாதிரி இருந்தது. நம் வீட்டு மிக்ஸி கெட்டபோது நீ விடுமுறையில் வீட்டில்தான் இருந்தாய். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் அதைக் கடைக்குத் தூக்கிப் போனேன். பதினோரு வயதில் உன்னைக் கேட்காதவள் இப்போது எந்த முகத்தோடு கேட்பது?

பதிமூன்றாம் நாள் செட்டு வந்தது. பாஸ்கர் மாட்டினார். திரை முழுதும் வெளிச்சம், பாட்டுக் கேட்கிறது, எல்லாம் புதிது போல. பின்னால் பார்க்கும் கேமராவின் படம் மட்டும் வரவில்லை. நான் காத்திருந்தது வேறு. வட்டம் வந்தது. பக்கத்தில் ஒரு பெயர். சிவகாமி போன், தேடுகிறது.

குனிந்து திரையின் ஓரத்தை முகர்ந்தேன். கற்பூர வாசனை.

"பாஸ்கரு, இது என் செட்டு இல்ல."

"அதே கம்பெனி, அதே மாடலு, அதே கலருக்கா."

"இதுல மீன் வாசனையே இல்லயே."

"தொடச்சிக் குடுத்துருப்பாங்க. ஏங்க்கா, நாறலன்னு புகார் சொல்ற மொத ஆளு நீங்கதான்." இருந்தாலும் சென்னைக்குப் போன் போட்டார். அவர்கள் அதுதான் உங்களுடையது என்றார்கள். அடியில் ஏதாவது அடையாளம் போட்டீர்களா, நம்பரை எழுதி வைத்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை. நீ பதினோரு வயதில் செய்ததை நான் ஐம்பத்தாறில் செய்யவில்லை. பாஸ்கர் போனை வைத்துவிட்டு, "அவங்க பொய் சொல்ல மாட்டாங்கக்கா" என்றார். நான் வண்டியில் ஏறினேன்.

அன்றைக்குத்தான் பயம் வந்தது. பாஸ்கர் சொன்ன ஆபத்தெல்லாம் ஒவ்வொன்றாக. என் வீட்டு வழி யாரோ ஒருவர் கையில். விடிவதற்குள் நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிற நேரம், எந்த ஓட்டலுக்கு எப்போது போகிறேன், யாரிடம் எவ்வளவு நேரம் பேசுகிறேன், எல்லாம் அதில் இருக்கும். உன் எண், உன் நண்பர்கள் எண். உன் அப்பாவும் இல்லாமல் தனியாக இருக்கிற பெண் என்பது அந்த அழைப்புப் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஞாயிறு ஒரு அழைப்பு. மற்ற நாளெல்லாம் ஓட்டல், ஐஸ் கம்பெனி, ஓட்டல். பின்கதவுப் பூட்டை மாற்றினேன். நான் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. சிவகாமியின் செட்டில் வீடு என்று இருந்த இடத்தை அழுத்திப் பார்த்தேன். ஒரு நீலக் கோடு புறப்பட்டுத் திண்டிவனம் போய் நின்றது. அழைப்புப் பட்டியலையும் பார்த்தேன். ஒரே நாளில் சிவகாமி, சிவகாமி, சிவகாமி. பொறாமையாக இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன்.

மூன்று நாளாகக் காலை ஏழு மணிக்கு ஒரு தெரியாத எண் அழைத்தது. எடுக்கவில்லை. நான்காம் நாள் தேங்காய்த்திட்டில், ஏலம் நடந்துகொண்டிருக்கிறது, சுற்றி நூறு பேர் இருக்கிறார்கள் என்ற தைரியத்தில் எடுத்தேன்.

"அம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க. திண்டிவனத்துலேர்ந்து பேசறேன். ரிட்டையர்டு வாத்தியார். இளங்கோங்கிறது யாருங்க?"

கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தேன். "என் பையன். இன்னா ஆச்சி அவனுக்கு?"

"ஒண்ணும் ஆவல, பயப்படாதீங்க. எங்க வண்டிதான் தினமும் காத்தால அவரத் தேடுது."

அவரே சொன்னார். அவர் செட்டும் திண்டிவனத்துக் கடை வழியாக அதே சென்னைக் கடைக்குப் போயிருக்கிறது. இரண்டும் ஒரே மேசையில் கிடந்து மாறிவிட்டன. "உள்ள பாத்தேன். அம்மான்னு ஒரு நம்பரு இருந்துது. அம்மான்னா எடுத்துப் பேசுவாங்கன்னு போட்டேன். நீங்க மூணு நாளா எடுக்கல."

"திருடன்னு நெனச்சேன் சார்."

"எங்க வீட்டம்மாவும் ஏறக்குறைய அதத்தான் சொல்றாங்க." பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: "மொதல்ல அந்த மீன் நாத்தத்தக் கேளுங்க!" அவர் குரலைத் தாழ்த்தினார். "நாங்க சைவம்மா. வண்டியில ஏறினா கவுச்சி அடிக்குது. நான் வெளிய எங்கயோ சாப்ட்டுட்டு வரேன்னு ஒரு வாரமா சண்டை."

"அது என் கை வாசனை சார்" என்றேன். சிரித்துவிட்டேன். எத்தனை நாள் கழித்து என்று தெரியவில்லை. பக்கத்தில் மீன் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கேட்டேன், சிவகாமி யார் என்று.

"எங்க பொண்ணும்மா. கட்டிக் குடுத்து அடுத்த தெருவுலதான் இருக்கா. அவளத் தேடறதுக்கு இன்னா இருக்குது, மாடியில நின்னு ஒரு சத்தம் குடுத்தா வந்து நிப்பா. உங்க பையன் எங்க?"

"புனேல. அடுத்த வாரம் ஜெர்மனி போறான்."

"அப்ப இது தேடி எங்கம்மா புடிக்கறது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பாண்டிக்கு வருகிறேன், மாற்றிக்கொள்வோம் என்றார். நல்ல மனிதர். வாங்க என்று வாய்வரை வந்தது. உன் பெயரும் அந்த வட்டமும் திரும்பக் கிடைத்துவிடும். தினமும் காலையில் ஒரு நிமிஷம், இன்னும் மூன்று வருஷத்துக்கு. ஆனால் அவர் சொன்னது காதில் நின்றுவிட்டது. ஒரு சத்தம் கொடுத்தால். நான் உனக்கு எப்போது ஒரு சத்தம் கொடுத்தேன்?

"வேணாம் சார். ரெண்டும் ஓடுது. கழட்டி மாட்டி எதாவது போச்சின்னா மறுபடி சென்னைக்கு அனுப்பணும். மூணாவதா யாரோடதாச்சும் வரும்."

அவர் சிரித்தார். "அதுவும் சரிதான். அப்ப அழிச்சிடட்டுமா?"

"நாளைக்கு காத்தால ஒரு தடவ தேடட்டும் சார். அப்புறம் அழிச்சிடுங்க."

ஏன் என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் துறைமுகத்தில் வண்டியை நிறுத்தி, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்கு அழைத்தார். "இப்ப சாவி போடறேம்மா." போனுக்குள் ஒரு வண்டி கிளம்பும் சத்தம். "சுத்துது." நான் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னும் சுத்துதும்மா." பிறகு, "கிடைக்கலன்னு வந்துடுச்சி."

"அழிச்சிடுங்க சார்."

நானும் சிவகாமியை அழித்தேன். இரண்டு பேரும் ஆச்சா, ஆச்சு என்று சொல்லிக்கொண்டோம். அவர் வைத்ததும் உன்னை அழைத்தேன். புதன்கிழமை. நீ எடுத்தவுடன் கேட்டது, பிறகு கேட்ட அந்த இரண்டு கேள்விகளையும்விட எனக்குப் பெரிதாக நிற்கிறது. "இன்னாம்மா ஆச்சி? யாருக்கு இன்னா?" நான் அழைத்தால் யாருக்காவது ஏதாவது ஆகியிருக்க வேண்டும் என்ற மாதிரி உன்னைப் பழக்கி வைத்திருக்கிறேன். யாருக்கும் ஒன்றுமில்லை, செட்டு மாறிப்போச்சு என்றேன். நீ உன் இரண்டு கேள்விகளைக் கேட்டாய்.

அறிவுரை சொல்லாமல் கடிதம் முடியாது, இரண்டு சொல்கிறேன். அங்கே எதையாவது பழுதுக்குக் கொடுத்தால், நீ சின்ன வயதில் செய்த மாதிரி அடியில் ஓர் எழுத்துப் போட்டுக் கொடு. யார் கையில் போகிறது, அங்கிருந்து எங்கே போகிறது என்று கேள். கடைக்காரர் நல்லவராக இருக்கலாம், பாஸ்கர் நல்லவர்தான். ஆனால் பொருள் அவரோடு நிற்பதில்லை. இன்னொன்று உன் வேலையைப் பற்றி. அழிப்பதற்கு ஒரு பொத்தான் வைத்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அந்தப் பொத்தானை அழுத்த மனம் வராதவர்களும் வண்டி ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரியவில்லை. நீ யோசி.

அந்த ரேடியோ நம்முடையது இல்லை. நீ சொன்னது சரி. அன்றே எனக்குப் பாதி தெரியும். கடைக்காரரிடம் போய் நிற்க வெட்கமாக இருந்தது, உன்னை அடக்குவது சுலபமாக இருந்தது. அவ்வளவுதான். இதைச் சொல்ல இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

கேமரா இன்னும் வரவில்லை. மறுபடி சென்னைக்கு அனுப்பலாம் என்கிறார் பாஸ்கர். வேண்டாம், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வியாழனுக்கு முன்னால் ஒரு நாள், அரை நாள், உன்னால் முடியுமா என்று கேட்கிறேன். முடியாவிட்டால் மூன்று வருஷம் கழித்து. அதுவரை பின்னால் வருவதைத் திரும்பிப் பார்த்தே ஓட்டிக்கொள்கிறேன். கேமரா இல்லாமல் இத்தனை வருஷம் ஓட்டியவள்தானே.

இன்று மதியம் பாஸ்கரிடம் போய்ச் செட்டைக் கழற்றித் தரச் சொன்னேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, மேசைமேல் நேற்றைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் வைத்தேன். பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரும் ஒரு பென்சிலும். இனி கதவைப் பூட்டிக்கொண்டு இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் சேர்க்கக் கிளம்புகிறேன்.